மூன்று அங்குலம் தூக்கிய ஐந்து வண்டிகள்

ஜூலை 24, திங்கள்

காசிமாயன் ஜீப் முடிந்தது. இதோடு ஐந்து. வண்டி எடையைத் தாங்கும் பழைய கமான் பட்டைகளைக் கழற்றிவிட்டு அதிக வளைவுள்ள புது செட், நாலு மூலையிலும் நீள ஷாக் அப்சார்பர், முப்பத்தொரு அங்குல மட் டயர். வண்டி மூன்று அங்குலம் உயர்ந்தாயிற்று. போன வருட மழைக்குப் பிறகு ஊசிமலை எஸ்டேட் பாதையில் மண் இல்லை, பாறைதான் இருக்கிறது. மற்ற ஜீப்கள் வயிறு தட்டி நிற்கிற இடத்தில் இது தாண்டிப் போகும்.

"இன்னும் ரெண்டு இஞ்சு ஒசத்துனா என்னப்பா?" என்றார் காசிமாயன்.

"ஒசத்தலாம். கவுந்தா கிரேனுக்கும் நீங்களே போன் போட்டுக்கணும்."

"பேச்சப் பாரு. எஞ்சினியருக்குப் படிச்சா வாய்க்குன்னு தனியா ஒரு பாடம் வச்சிருப்பாங்கபோல."

வண்டி உயர்ந்தால் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் பிரேக் ஹோஸ் எட்டாது. நீளமான ஹோஸ் போட வேண்டும். நீள ஹோஸ் தொங்கும். அதை உள்பக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு கிளாம்ப் வேண்டும். கோவையில் ஜூன் முதல் கேட்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. மற்ற நாலு வண்டிக்குச் செய்ததுபோல பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினேன். தகடு வெட்டி நாமே அடித்துக்கொள்ளலாமே என்றார் அபுதாஹிர் பாய். அரை நாள் வேலை. காசிமாயன் வாசலில் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். டயருக்கும் ஹோஸுக்கும் நடுவே இரண்டு விரல் போகிறது. ஆர்.சி.யில் டிரைவரோடு ஒன்பது பேர். ஒன்பது பேர் எடைக்குக் கணக்குப் போட்டாலும் ஒரு விரல் மிஞ்சும். போதும்.

பாய் முணுமுணுத்தார். வெல்டிங் அவர் கை, கணக்கு என் தலை. இரண்டு வருடமாகப் போடியில் கடை அப்படித்தான் ஓடுகிறது.

ஜூலை 27, வியாழன்

விளம்பரத்துக்கு வீடியோ வேண்டும் என்று சோலைராஜ் அண்ணன் வண்டியில் மலை ஏறினேன். ஐந்து வண்டிகளில் முதல் வண்டி அவருடையது. ஜூன் முதல் வாரம் போட்டுக் கொடுத்தது. தினமும் காலையில் ஏலக்காய் எடுக்கப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுக்குப் போகிறார், மாலையில் இறக்குகிறார்.

ஏறும்போதே சண்டை. படி உயரமாகிவிட்டதாம்.

"யாருப்பா இத ஒசத்துனது? நீயா?" என்று பஞ்சவர்ணம் என்கிற பெண் கேட்டார். நாற்பது வயது இருக்கும், பிளாஸ்டிக் வாளியைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். "ஏணியும் சேத்துக் குடுத்திருக்கணும்ல. காலத் தூக்குனா சேலை கிழியுது."

"பாதை நல்லா இருந்தா நான் ஏன்க்கா ஒசத்தப் போறேன்?"

"வாய் மட்டும் ஒசரமாத்தான் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். கடைசியாக ஏறியவர் ஒச்சம்மாள். முட்டி வலிக்காரர். நான்தான் கை கொடுத்து இழுத்தேன். பின்னால் கதவோரம் உட்கார்ந்துகொண்டு, "நீ இருந்தா டெய்லி ஏறிருவேன்" என்றார்.

டிரைவருக்குப் பக்கத்தில் மூன்று பேர். சோலை அண்ணன் பாதி உடம்பு கதவுக்கு வெளியே இருக்க ஓட்டுகிறார். மொத்தம் பதினான்கு பெண்கள். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். எஸ்டேட் பாதையில் வண்டி ஏறிய விதம் அருமை. எங்கும் தட்டவில்லை. இதைவிட என்ன லோடு டெஸ்ட் வேண்டும்.

கொண்டை ஊசி வளைவுகளில் வலப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் இடது முன்பக்கத்தில் சர்ரென்று ஒரு சத்தம். சோலை அண்ணன் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"மட் டயர்னா அப்படித்தான்ணே. பழகிரும்."

ஜூலை 30, ஞாயிறு

வீடியோவை எண்ணூறு பேர் பார்த்திருக்கிறார்கள். தேவாரத்திலிருந்து இரண்டு பேர் விசாரித்தார்கள்.

ஆகஸ்ட் 2, புதன்

சோலை அண்ணன் வண்டி ஒன்பதாவது வளைவில் கவிழ்ந்துவிட்டது. இறங்கும்போது. மாலை நாலரை.

பாய் வந்து சொன்னார். கையில் கிரீஸ் இருந்தது. துடைத்தேன். அவர் சொல்லி முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றேன்.

ஒச்சம்மாள் இறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, வியாழன்

தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு பேருக்குக் காயம். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பஞ்சவர்ணத்துக்கு இடது மணிக்கட்டில் கட்டு. அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கிண்டல் செய்வார் என்று ஏன் எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஒன்பதாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை என்கிறார் சோலை அண்ணன். பள்ளத்தில் விடாமல் மலைப்பக்கமாகத் திருப்பியிருக்கிறார். முன் டயர் மண் திட்டில் ஏறி, வண்டி ஒருபக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. பின் கதவோரம் இருந்தவர் மேல் விழுந்தது.

சோலை அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணனுக்குக் காறை எலும்பு முறிவு.

"தம்பி, ஒங்க டயர் போய்த்தான் திட்டுல ஏறுச்சு. இல்லேன்னா பள்ளத்துல மொத்தப் பேரும் போயிருப்போம்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"மிதிச்சேன் தம்பி. மிதி தரையத் தொட்டுருச்சு. ரெண்டாந்தடவையும் மிதிச்சேன். காலத் தப்பா வச்சுட்டனோன்னு இருக்கு. கிளச்ச மிதிச்சுட்டனா?"

"யோசிக்காதீங்கண்ணே."

போலீஸ்காரர் பேப்பரை மடக்கிவிட்டு, "கவுத்தவன் எவனும் பிரேக்கு பிடிக்கலன்னுதான் சொல்றான்" என்றார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஸ்பானர்களை அளவுப்படி அடுக்கினேன். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு, பத்தொன்பது. பதிமூன்றைக் காணோம். மாலை வரை தேடினேன். கடையைக் கழுவிவிட்டேன். மறுபடி தேடினேன்.

ஒச்சம்மாளை இன்று எடுத்தார்கள். பாய் போனார். நான் போகவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

வண்டி ஸ்டேஷன் காம்பவுண்டில் கிடக்கிறது. பார்க்கப் போனேன். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்திருந்தார். அவசரக்காரர். என்னைப் போலவே.

"டயர் சைஸ் ஆர்.சி.ல இருக்கறது இல்ல. ஒசத்தியிருக்கு. அது தனி ஃபைன். பதினஞ்சு பேர ஏத்திருக்கான். வேகமா வந்திருக்கான். வேற என்ன?" சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு குனிந்து இடது முன் சக்கரத்தைப் பார்த்தார். "பிரேக் ஹோஸ் அறுந்திருக்கு. இடிச்சப்ப அறுந்திருக்கும். என்னப்பா, நீ மெக்கானிக்தான?"

"ஆமா சார்."

"இடிச்சதுல அறுந்ததுதான?"

நானும் குனிந்து பார்த்தேன்.

"இருக்கலாம் சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

இடித்து அறுந்தால் வெட்டு பிசிறாக இருக்கும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கிழியும். இது அப்படி இல்லை. ஒரு பக்கம் மட்டும் நகம் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்து, உள்ளே இருக்கிற நூல் தெரிந்து, அதன் நடுவில் வெடித்திருக்கிறது. பிளாஸ்டிக் டை இல்லை. எப்போது அறுந்து விழுந்ததோ.

இதை எழுதிவிட்டுக் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பாயைக் கூப்பிட்டேன். கடையில் மிச்சமிருந்த ஒரு செட்டைப் பழைய ஜீப் ஒன்றில் மாட்டினோம். அதே கமான், அதே டயர், அதே ஹோஸ், அதே டை. ஸ்டியரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடித்தேன். இரண்டு விரல் போனது.

பிறகு மணல் மூட்டை ஏற்றினோம். ஒன்பது பேர் எடைக்கு ஒரு விரல். என் கணக்கு சரி.

பதினைந்து பேர் எடைக்கு ஏற்றினோம். முன்னால் நாலு பேருக்கு உரியதை முன்னாலேயே வைத்தோம். கமான் அமுங்கியது. தொய்வான ஹோஸ் வெளிப்பக்கம் புடைத்தது. டை தாங்காமல் நழுவியது. டயரின் ஓரக்கட்டை ஹோஸ் மேல் போய் உட்கார்ந்தது. கையால் சக்கரத்தைச் சுற்றினேன்.

சர்ரென்றது.

இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் இன்னும் அமுங்கும். பதினேழு வளைவு, தினமும் ஏற ஒரு தரம், இறங்க ஒரு தரம். இரண்டு மாதம். ஹோஸ் போனால் பின் பிரேக் மட்டும் மிச்சம். பெரிய டயரை நிறுத்த அது போதாது. உயரம் கூடிய வண்டி சாய்ந்தால் சாய்ந்ததுதான். கல்லூரியில் இந்தத் தாளில் தொண்ணூற்றிரண்டு வாங்கினேன்.

ஆர்.சி.யில் இருக்கிற ஒன்பதை வைத்துக் கணக்குப் போட்டேன். இந்த மலையில் ஒன்பது பேரோடு போகிற ஒரு ஜீப்பை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

பாய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "மத்த நாலு வண்டி, தயா?" என்றார்.

"கூப்புட்டு மாத்திருவோம்."

"என்னன்னு சொல்லிக் கூப்புடுவ?"

ஸ்டியரிங்கை நேராக்கினேன். தொழுகைக்கு நேரமாயிற்று என்று பாய் எழுந்து போனார். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெல்டிங் அவர் கை. அவருக்கு மூன்று பிள்ளைகள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

நாலு பேருக்கும் போன். இலவச சர்வீஸ் என்றேன். ஷாக் அப்சார்பர் டைட் பண்ண வேண்டும், ஒரு மணி நேர வேலை. மூன்று பேர் வருகிறேன் என்றார்கள். காசிமாயன் எடுக்கவில்லை.

பாய் தகடு வெட்டி எட்டு கிளாம்ப் அடித்தார். அரை நாள்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

முதல் வண்டி. ஹோஸில் கோடு விழுந்திருக்கிறது. மாற்றினேன். கிளாம்ப் போட்டேன். ஸ்டியரிங் அதிகம் ஒடியாதபடி தடுப்பு போல்ட்டைக் கொஞ்சம் வெளியே திருகி வைத்தேன்.

ஆகஸ்ட் 9, புதன்

இரண்டாவது வண்டி. நூல் தெரிகிறது. இன்னும் ஒரு வாரம் ஓடியிருக்காது. ஓனர் டீ வாங்கிக் கொடுத்தார். "இலவசமா சர்வீஸ் பண்றவன இந்தக் காலத்துல எங்க பாக்குறது" என்றார். அந்த டீயைக் குடித்தேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

மூன்றாவது. முடிந்தது. கழற்றிய ஹோஸ்களை டிராயரில் போட்டேன். "தூக்கிப் போட்றாத" என்றார் பாய்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காசிமாயன் போனை எடுத்துவிட்டார்.

"காய் எடுப்பு உச்சத்துல இருக்கு. ஒரு நா வண்டிய நிறுத்துனா எஸ்டேட்டுக்காரன் வேற வண்டி வச்சுருவான். என்ன வேல அது?"

"சின்ன வேலதான்ணே. ஒரு கிளாம்ப்."

"சின்ன வேலைன்னா கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம பாப்போம்."

பெரிய வேலை என்று சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டிருப்பார்.

மாலை அவர் வீட்டுப் பக்கம் போனேன். வண்டி இல்லை. மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை என்றார்கள். அவர் வீட்டு முக்கில் நின்று, முன் விளக்கு வெளிச்சம் தெரியும்வரை காத்திருந்தேன். வெளிச்சம் தெரிந்ததும் வந்துவிட்டேன். அவரிடம் பேசவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

சோலை அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ரிமாண்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குடித்திருந்தான் என்று ஊரில் பேச்சு. அவர் குடிக்க மாட்டார்.

அவர் மனைவி மாரீஸ்வரி கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வக்கீலு கேக்குறாரு, பிரேக்கு போச்சுன்னு யாராச்சும் படிச்சவக பாத்து எழுதித் தருவாகளான்னு. எங்க வீட்டுக்காரரும் ஒங்களத்தான் சொல்லி விட்டாரு. தயா தம்பி பொய் சொல்லாது, கெட்டுப் போயிருந்தா கெட்டுப் போச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிரும்னாரு."

"பாக்குறேன்க்கா."

"ராத்திரியெல்லாம் கால அசைச்சுக்கிட்டே கெடக்காராம். எந்த மிதிய மிதிச்சேன்னு யோசிச்சுப் பாக்குறாராம்."

பாய் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து நின்றார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காசிமாயன் வரவில்லை. குலசாமி கோயிலில் கிடா வெட்டாம். வண்டியிலேயே போயிருக்கிறார், குடும்பத்தோடு.

ஆகஸ்ட் 14, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தேவாரத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஜீப் ஓட்டுகிறவர்கள். சோலை வண்டிக்குப் போட்ட அதே டயர், அதே உயரம் வேண்டும் என்றார்கள்.

"அது திட்டுல ஏறி நின்னதாலதான பதினாலு பேர் பொழச்சாக. எங்க வண்டிக்கும் அதே மாதிரி போட்டுக் குடுங்க."

"செட் இல்ல" என்றேன்.

"வர்றப்பப் போடுங்க. பேர எழுதி வச்சுக்கங்க."

பாய் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அவர்களே ஒரு சீட்டில் பெயர்களையும் நம்பர்களையும் எழுதி மேஜையில் வைத்து, மேலே ஒரு நட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. எஸ்டேட்டுக்கு வண்டி போகாது. பத்து நாளில் இன்றுதான் காலையில் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 16, புதன்

முந்தல் ரோட்டில் காசிமாயன் வண்டி என்னைத் தாண்டிப் போனது. பின்னால் பஞ்சவர்ணம். மணிக்கட்டில் கட்டோடு. வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒற்றைக் கையால் காய் எடுப்பாரா?

செக்போஸ்ட் முன்னால் வண்டி வலப்பக்கம் ஒடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பைக்கில் பின்னாலேயே போனேன். ஹார்ன் அடித்தேன். காசிமாயன் ஜன்னலில் கையை நீட்டி டாட்டா காட்டினார். முதல் வளைவு வரை போய்விட்டுத் திரும்பினேன்.

ஏன் திரும்பினேன்? பெட்ரோல் இருந்தது.

ஆகஸ்ட் 17, வியாழன், காலை

இது ஸ்டேஷன் வராந்தாவில் எழுதுவது. இன்ஸ்பெக்டர் பத்து மணிக்குத்தான் வருவாராம்.

ஐந்தரைக்கு முந்தல் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பைக்கை ரோட்டின் குறுக்கே நிறுத்திவிட்டு நின்றேன். முதலில் வந்த இரண்டு ஜீப்கள் திட்டிவிட்டு ஒதுங்கிப் போயின. மூன்றாவது காசிமாயன்.

"என்னப்பா, வழிப்பறியா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

"வண்டிய எடுக்காதீங்கண்ணே. பிரேக் ஹோஸ் தேயுது."

"சின்ன வேலைன்னியே?"

"பொய் சொன்னேன்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவில்லை. காட்டுவது சுலபம். எடை இருந்தால்தான் தெரியும், அதனால் பெண்கள் யாரும் இறங்க வேண்டாம் என்றேன். காசிமாயனை ஏறி ஸ்டியரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடிக்கச் சொன்னேன். டார்ச் அடித்தேன். டயர் ஹோஸ் மேல் உட்கார்ந்திருந்தது. தேய்ந்த இடம் டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது. மூன்று வாரத்தில் பாதி கனம் போயிருந்தது.

காசிமாயன் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். நிமிர்ந்தவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"ஏன்டா, கிடா வெட்டுக்கு எம்பேரப்புள்ளைகள இதுலதான்டா கூட்டிட்டுப் போனேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். காலரை விட்டுவிட்டு ரோட்டோரத்துக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். படி உயரம். ஒருவருக்கொருவர் கை கொடுத்து இறங்கினார்கள். பஞ்சவர்ணம் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி, கட்டுப் போட்ட கையைத் தரையில் ஊன்றாமல் குனிந்து பார்த்தார்.

"சோலை வண்டிலயும் இதானா?"

"ஆமாக்கா."

"அப்ப அவன் மேல தப்பில்ல."

"இல்ல. மிதிச்சது பிரேக்கத்தான். பிரேக்குதான் இல்ல."

"ஸ்டேஷன்ல சொன்னியா?"

"இல்ல."

டார்ச்சை அணைத்தார். வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. மற்ற பெண்கள் அவர் பின்னால் வந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை. திட்டினால் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

"இந்தக் கோளாறு ஒனக்கு எப்பத் தெரியும்?"

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள்.

"ஆறாந்தேதி."

"மத்த வண்டிக்கெல்லாம்?"

"மாத்திட்டேன். பத்தாந்தேதியோட."

பஞ்சவர்ணம் நல்ல கையின் விரல்களை மடக்கினார். திங்கள், செவ்வாய், புதன். உதடு அசைந்தது. ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளினார். பதினைந்தாம் தேதியைத் தள்ளினார்.

"எட்டு நாளு" என்றார். "ஏற ஒண்ணு, எறங்க ஒண்ணு. பதினாறு தடவ எங்கள இதுல போக விட்ருக்க."

நான் அதை எண்ணியிருக்கவில்லை. தினமும் எல்லாவற்றையும் அளந்து எழுதுகிற நான், இதை எண்ணவில்லை.

"ஒச்சம்மா செத்தது தெரியாமப் பண்ணுனது" என்றார். "இது?"

ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி வாளியைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நட" என்றார் பஞ்சவர்ணம்.

"எங்கக்கா?"

"ஒனக்குத் தெரியும்."

பைக்கை அங்கேயே விட்டேன். நடந்தோம். நடுவில் ஒரு டவுன் பஸ் வந்தது, கை காட்டி ஏறினோம். எனக்கும் சேர்த்துப் பஞ்சவர்ணமே டிக்கெட் எடுத்தார். நான் காசு நீட்டியபோது வாங்கவில்லை. பாய்க்குப் போன் போட்டேன். டிராயரைத் திறந்து ஹோஸ்களை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னேன். "எடுத்து வச்சுத்தான் இருக்கேன்" என்றார்.

பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைய கூலி அவர்களுக்கு இல்லை. எஸ்டேட்டிலிருந்து யாரோ போன் செய்து கத்துவது இங்கே வரை கேட்கிறது.

அதே நாள், மாலை

ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஒன்ன யாரும் கூப்புடலியேப்பா. கேஸ் அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு. நீயா வந்து எதுக்கு எழுதுற?"

"நாங்க கேட்டோம்" என்றார் பஞ்சவர்ணம் வாசலிலிருந்து.

எழுதினேன். கிளாம்ப் வராதது, டை போட்டது, ஒன்பது பேருக்குக் கணக்குப் போட்டது, சத்தம் கேட்டபோது பழகிரும் என்றது, ஆய்வாளரிடம் இருக்கலாம் என்றது. வெல்டிங்கில் குறையில்லை, அபுதாஹிர் கிளாம்ப் அடிக்கச் சொன்னார், நான்தான் மறுத்தேன் என்பது. பாய் பக்கத்தில் நின்று ஹோஸ்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார்.

ரைட்டர் வாசித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் பேனாவை வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆறாந்தேதியே தெரியும்னு போட்டிருக்கியே. இது வேணாம். முன்னாடி நடந்தது கவனக்குறைவு. இது தெரிஞ்சே விட்டதாயிரும். இன்னிக்குக் காலைலதான் கண்டுபிடிச்சேன்னு மாத்திக்க. சோலைக்கும் அது போதும், ஒனக்கும் நல்லது."

அவர் சொன்னது சரி. சோலை அண்ணனுக்கு அது போதும். பாயைப் பார்த்தேன். அவர் ஹோஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சவர்ணம் உள்ளே வந்தார். "எனக்கு எழுத்து தெரியாது. என்ன எழுதிருக்கான்னு வாசிக்கச் சொல்லுங்கய்யா."

மூன்று பக்கம். வாசித்தேன். ஒச்சம்மாள் பெயர் வந்த இடத்தில் அவர் கண்ணை மூடினார். ஆறாம் தேதி வந்தபோது ரைட்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தாமல் வாசித்தேன். அதன் பிறகும் காசிமாயன் வண்டியை நிறுத்தாமல் விட்டேன் என்பதோடு முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் பஞ்சவர்ணம்.

"அவ்வளவுதான்க்கா."

"எத்தன தடவன்னு போடலியே."

ரைட்டர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

போட்டேன். எண்ணிலும் எழுத்திலும்.